மறுகா

ஒரு கயிற்றுக்குள் கண்ணாடி இழை இரண்டு வரும்,
ஒன்று பேச, ஒன்று கேட்க.
கேட்கிறதை நான் கழற்றிவிட்டேன்.
முனைக்கு ரப்பர் மூடி,
மூடியைச் சுற்றிச் சிவப்பு ஒட்டுநாடா,
அதன்மேல் பேனையால்: தொடாதே.

உன்னிச்சைக் குளத்துக் கட்டுப்பாட்டறை.
ஜன்னலுக்கு வெளியே வான்கதவுகள்,
உள்ளே அவற்றைத் தூக்கி இறக்கும் பெட்டி.
வெளியிலிருந்து ஒரு விரலும் பெட்டியில் படக்கூடாது,
நீர்மட்டம் மட்டும்
நிமிடத்துக்கு நிமிடம் வவுணதீவுக்குப் போகவேண்டும்.
"மென்பொருள்ல பூட்டு ஒண்டு போட்டாப் போதுமே"
என்றான் சதாகரன்.
பூட்டென்றால் திறப்பு இருக்கும்.
இல்லாத இழைக்குத் திறப்பு வெட்ட ஏலாது.

முதலில் இயந்திரம் மசியவில்லை.
எதிரிலிருந்து வெளிச்சம் வராவிட்டால்
இணைப்பே இல்லை என்று அடம்பிடித்தது.
பழைய மாற்றி ஒன்றைத் தூசுதட்டிப் பக்கத்தில் வைத்து
அதன் ஒளியை இதன் கண்ணுக்குள் விட்டேன்,
சொல் ஒன்றுமில்லாத வெறும் வெளிச்சம்.
பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்து, அங்கே யார் என்று கூவிக் கேட்கும் பழக்கம் அதற்கு.
வவுணதீவுப் பெட்டியின் பன்னிரண்டு எழுத்து விலாசத்தைக்
கையால் எழுதி நிரந்தரமாக்கினேன்.
கிடைத்ததா, கிடைத்ததா என்று
கேட்டுக் கேட்டு அனுப்பும் முறையையும் விட்டேன்.
இது எறிகிற முறை.
எண் போடு, எறி, மறுகா எறி.
ஒவ்வோர் அளவும் மூன்று தரம்.
நிரலில் அந்தச் சுற்றுக்கே மறுகா என்று பெயர் வைத்தேன்.
கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் இது என்ன சொல் என்றார்.
பிறகு என்றும் வரும் சேர்,
திரும்பவும் என்றும் வரும்,
இடத்தைப் பொறுத்தது.

மார்கழி பதின்மூன்று. விடாமல் நாலாம் நாள் மழை.
ஆயித்தியமலைப் பக்கம் றோட்டுக்கு மேலால் தண்ணி.
கைபேசிக் கோபுரம் பின்னேரமே படுத்துவிட்டது.
சதாகரன் கதவுகளோடு, நான் திரையோடு.
முப்பத்தொன்று தசம் ஒன்பது.
முப்பத்திரண்டு தசம் ஒன்று.
முப்பத்திரண்டு தசம் நாலு.
என் பக்கத்தில் தெரிவது இவ்வளவுதான்:
அனுப்பியது. அனுப்பியது. அனுப்பியது.
சேர்ந்தது என்று ஒரு வரி கிடையாது,
நான் எழுதிய நிரல், நான் கழற்றிய இழை.
ஆனாலும் இரண்டு மணிக்கு எழுந்துபோய்
அந்த ரப்பர் மூடிக்கு முன்னால் நின்றேன்.
கழற்றிச் செருக ஒரு நொடி.
இருபது கிலோமீற்றருக்கு அப்பால்
ஓர் ஆள் முழித்திருக்கிறான் என்று
ஒரு பொட்டு வெளிச்சம், அவ்வளவுதான்.

சதாகரன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான்,
நான் நின்ற இடத்தைப் பார்த்தான்.
தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தான்.
நான் வந்து உட்கார்ந்தேன்.
மறுகா.
மறுகா.

தண்ணி வடிந்த பிறகு
உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி வந்து இறங்கினார்
ஏறாவூர் இம்தாத், கேட்கும் பக்கத்து ஆள்.
முழங்கால்வரை சேறு.
நல்ல வார்த்தை ஒன்று சொல்வாரென்று
எனக்குள் எங்கோ ஓர் ஆசை.

"எல்லாம் வந்திச்சி மிஸ், ஒண்டும் விடுபடல்ல.
நேரம்தான் பிழை.
உங்கட பெட்டி அஞ்சரை மணித்தியாலம் பிந்திக் கிடக்கு.
சாமம் ரெண்டு மணிக்கு வந்த கணக்கு
எட்டரை எண்டு காட்டுது.
ஒவ்வொண்டுக்கும் அஞ்சரை கூட்டிக் கூட்டித்தான்
சனத்தை எழுப்பின."

சட்டைப் பையிலிருந்து ஈரக் கடதாசி ஒன்றை விரித்தார்.
வரிசையாக அளவுகள், பக்கத்தில் கூட்டிய நேரம்,
ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு சரி அடையாளம்.
அப்படிப் போடச்சொல்லி யாரும் கேட்கவில்லை.

திரையைத் திறந்து பார்த்தேன்,
கிரீன்விச் நேரம், அப்படியே விட்டிருக்கிறேன்.
திருத்தினேன்.
ஒட்டுநாடாவின் ஓரம் ஈரத்தில் கிளம்பி நின்றது.
பெருவிரலால் அழுத்திவிட்டேன்.