பிடி அரிசிக் கணக்கு

உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வை.
எங்கள் சின் மலையில் சபை தொடங்கியது அப்படித்தான்.
மணி பிறகு வந்தது. தகரக் கூரை பிறகு.
கூரைமேல் சிலுவை எல்லாவற்றுக்கும் கடைசி.

போன வழி தலைகீழ்.
முதலில் சிலுவை; பீரங்கிக்கு அது நல்ல குறி.
அடுத்து கூரை.
மணியை நாங்களே கழற்றி
மக்காச்சோளக் காட்டில் புதைத்தோம்,
நாக்கைத் துணியால் சுற்றி.
மிஞ்சியது பிடி அரிசி.

மாதர் சங்கப் பொருளாளர் நான்.
சொன்னால் சிரிப்பீர்கள்.
தியாவ் ஆற்றைத் தாண்டியவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள்.
தாண்டாத முப்பத்தொரு வீட்டாரும் ஓர் ஓடைக்கரையில்,
நீலத் தார்ப்பாய்களின் கீழே.
சனிக்கிழமை தவறாமல் டின்னோடு போகிறேன்.
தியால் சுங் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுகிறாள்,
அடியில் தட்டுகிறாள், மறுபடி தட்டுகிறாள்.
ஏழெட்டு மணி விழுகிறது.
எழுதிக்கொள் என்கிறாள்.
எழுதுகிறேன்: தியால் சுங், ஒரு பிடி.
பொய்க்கணக்கு என்று கர்த்தர் கேட்டால்
அவள் கையை விரித்துக் காட்டச் சொல்வேன்.
பிடியே இப்போது அவ்வளவுதான்.

போதகர் ஹிராங் லியானை விதைப்பு மாதத்தில் கொண்டுபோனார்கள்.
ஒரே கேள்விதான் கேட்டார்கள்:
காட்டிலிருக்கும் பையன்களுக்குச் சோறு போட்டது யார்?
நான்தான், என்றார்.

அவருக்கு உலை வைக்கவே தெரியாது.
வெந்நீரையும் தீயவிடுவார் என்பாள் அவர் மனைவி.
போட்டது நான்.
நோட்டில் இருக்கிறது:
விருந்தினர், பதினாறு பேர், மூன்று வேளை.
அவர் "நான்தான்" என்றபோது
அந்த நோட்டு என் இடுப்பில் இருந்தது.
நான் வாய் திறக்கவில்லை.

மழை விட்ட அன்று ஒருவன் மேலேறி வந்தான்.
சீருடையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தான்.
சமவெளிக்காரன். யே வின் என்றான்.
ஓடி வந்துவிட்டேன் என்று கையால் காட்டினான்,
இரண்டு விரல் காற்றில் ஓடின.

வான் பியாக் துப்பாக்கியைத் தூக்கினான்.
ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்து
என்னிடம் பென்சில் பரிசு வாங்கிய பிள்ளை.
எங்கள் கூரையை எரித்தவன் நீயா?
மற்றவன் இல்லை என்று சொல்லவில்லை.
அது எனக்குப் பிடிக்கவும் இல்லை,
பிடிக்காமலும் இல்லை.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
போதகர் இல்லாத சபையில்
நோட்டு வைத்திருப்பவள்தான் போதகர் போலும்.

எனக்கு அன்பு வரவில்லை.
இதையும் எழுதிவைக்கிறேன், வரவில்லை.
தொண்டையில் ஒரு கல் நின்றது.
ஆனால் டின்னில் இருப்பது காணிக்கை.
வைத்துக்கொடு என்றுதான் என்னிடம் தந்தார்கள்;
என் கோபத்துக்கு அதில் கையெழுத்து உரிமை இல்லை.

அளந்தேன். கல் பொறுக்கினேன். வேகவைத்தேன்.
ஆறும்வரை அவனால் பொறுக்க முடியவில்லை.
வாயைத் திறந்து ஊதி ஊதித் தின்றான்,
கண்ணில் நீர் வழிய.
சூட்டினால் இருக்கலாம். நான் கேட்கவில்லை.
வான் பியாக் எழுந்து ஓடைப்பக்கம் போனான்.
இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.
பேசாமலே போய்விடுவானோ என்று இருக்கிறது.

இரவு நோட்டைத் திறந்தேன்.
விருந்தினர், ஒருவர் என்று எழுதி
அங்கேயே நின்றுவிட்டேன்.
அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து கேட்கலாம்.
நம் பையன்களே வந்து கேட்கலாம்:
சோறு போட்டது யார்?

எதிரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.
பதினாறு பேருக்கு எதிரே இருந்ததும் காலிதான்.
பேனா மழையில் போயிற்று.
இரண்டு இடத்திலும் பென்சிலால்,
அழித்தால் தடம் தெரியும்படி அழுத்தி,
என் பெயரை எழுதினேன்.