பதினேழாம் படம்

எங்கும் போகாத படிக்கட்டு அது.
இரண்டே படி, மரம்.
அரைக்கால் டவுசரும் வெறுங்காலுமாய்
அதைச் சுற்றி வந்து பார்க்கிறார்.
“மேல என்னம்மா இருக்கு?”
ஒன்றுமில்லை. ஏறி இறங்கினால் போதும்.

ஒச்சப்பன், அறுபத்தேழு, உசிலம்பட்டி.
மதுரை–தேனித் தடத்தில்
இருபத்தொன்பது வருஷம் கண்டக்டர்.
வலது முட்டி மாற்றிப் பதினான்கு மாதம்.
“பேர்லயே ஒச்சத்த வச்சுட்டாக,
காலு என்னம்மா செய்யும்”
என்றபடி சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்,
டிக்கெட் கிழிக்கிற வேகத்தில்.

ஈய அங்கியை மாட்டிக்கொண்டு
கண்ணாடிக்குப் பின்னால் போகிறேன்.
மைக்கில் ‘இறங்குங்க’ என்று நான் சொல்லுமுன்
அவரே சொல்லிக்கொள்கிறார்:
போலாம் ரைட்.

நொடிக்குப் பதினைந்து படம்.
தோல் இல்லை, தழும்பு இல்லை,
எலும்பு வெறும் புகை.
உலோகம் மட்டும் கன்னங்கரேலென்று,
மேலே வளைவாய் ஒன்று, கீழே தட்டையாய் ஒன்று.
நடுவில் வெளிச்சம்.
பிளாஸ்டிக் அங்கேதான் இருக்கிறது,
எக்ஸ்ரே கண்டுகொள்ளாத ஒன்பது மில்லிமீட்டர்.
எழுபத்தெட்டுக் கிலோ மனிதர்
என் திரையில்
ஒன்றுமில்லாததன் மேல் நிற்கிறார்.

அவர் போன பிறகுதான் என் வேலை.
அதே கம்பெனி, அதே அளவு மூட்டு
கணினிக்குள்ளும் ஒன்று இருக்கிறது.
திருப்பி, சாய்த்து, மயிரிழை நகர்த்தி
நிழலின் விளிம்போடு அதன் விளிம்பைச் சேர்க்க வேண்டும்.
சேர்ந்தால் அடுத்த படம்.
ஒரு படி இறங்க இருபத்தெட்டு.
ஒன்றைப் பொருத்தி முடிப்பதற்குள்
கோரிப்பாளையம் சிக்னலில் நாலு முறை பச்சை விழுகிறது,
ஆம்புலன்ஸ் வந்தால் விழாமலும் போகிறது.

பிறந்த முட்டியில்
மடங்க மடங்கத் தொடையெலும்பு பின்னுக்கு உருளும்.
இவருடையதில் பதினாறாம் படம்வரை குறையில்லை.
பதினேழில், நாற்பது பாகை தாண்டும்போது,
உள்பக்கம் முன்னால் சறுக்குகிறது.
மறுபடி பொருத்தினேன். மறுபடியும் அதுவே.
ஐந்தரை மில்லிமீட்டர்,
ஒரு பொன்னி அரிசி.

மறுவாரம் வந்து கேட்டார்.
காட்டக்கூடாது. காட்டினேன்.
“வலிக்கலம்மா. ஏறயில கூட ஒண்ணுமில்ல.
எறங்கயில நம்பி வைக்க முடியல.”
படிவத்தில் வலிக்கு நேரே
நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

பதினேழாம் படத்தை மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிறகு மாட்டிக்கொண்டு.
“பிரேக்குல்ல இது.
ஆண்டிபட்டிக் கணவா எறக்கம்.
டிரைவரு மிதிச்சா பஸ்ஸு நின்னுரும்,
நிக்கிற சனம் நிக்காது, முன்னால வந்துரும்.
கம்பியப் பிடிக்காதவன் எம்மேலதான் விழுவான்.”
திரையை விரலால் தட்டினார்.
“இதுல கம்பி எங்க?”

இருந்தது, ஒரு குறுக்கு நார்.
அதை எடுத்துவிட்டுத்தான் இதை வைப்பார்கள்.
சொல்லலாமா என்று யோசிக்கும்போதே
சொல்லிவிட்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் ஏசி சத்தம் மட்டும்.
“அப்பச் சரி. ஸ்டாண்டிங்தான்” என்றார்.

பயணப்படி முந்நூறை வாங்கவில்லை.
பாஸ் வைத்திருக்கிறாராம்,
ஓசியில் வந்துவிட்டுப் படி வாங்கினால்
செக்கிங்கில் மாட்டுவாராம்.
லிப்ட் காலியாகத் திறந்து நிற்க
படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

அங்கே எக்ஸ்ரே கிடையாது.
கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:
செருப்பு. கைப்பிடியில் மோதிரம் உரசுவது. செருப்பு.
திருப்பத்தில்
உதட்டாலேயே ஒற்றை விசில்.

யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், தெரியாது.
நேரமாயிற்று.
அப்புறம் இரண்டு.