பாழான புரோநோட்டின் பின்பக்கம்

மஞ்சக்குப்பம், கோர்ட்டுக்கு எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை.
பதினொரு மணிக்கு மேல் வக்கீல்கள் உள்ளே போய்விடுவார்கள்.
மிஷின் சூடாறும்.
மை பிசிறிப் பாழான புரோநோட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்தில் எழுதுகிறேன்:
பகர். ஸ்பானிஷ். பணம் செலுத்து.
ஒழுங்கான வினை, அடம் பிடிக்காது.

நிகழ்காலம் என்றால் வாலை நறுக்கிவிட்டு வேறு வால்.
எதிர்காலத்துக்கு நறுக்கல் கிடையாது.
முழுச் சொல்லும் முழுசாய் நிற்க
அதன் கடைசியில் வந்து தொற்றிக்கொள்கிறது ஆள்,
புறப்பட்டுவிட்ட பண்ருட்டி பஸ்ஸில் தொற்றுவதைப் போல.

பகரே, செலுத்துவேன்.
பகராஸ், செலுத்துவாய்.
பகரா, செலுத்துவான் செலுத்துவாள் செலுத்தும்:
ஆணா பெண்ணா மாடா என்று கேட்பதில்லை.
உச்சியில் ஒரு சாய்ந்த கோடு, அது முக்கியம்.
கோடு விட்டுப்போனால் பகார,
'செலுத்தினால்' ஆகிவிடும் என்கிறது ஆப்.

பகரேமோஸ், செலுத்துவோம்.
ஆறில் இதற்கு மட்டும் கோடில்லை.
நாமா நாங்களா, அதுவும் இல்லை.
நம்ம 'வோம்' மட்டும் என்ன வாழ்ந்தது?
தை மாதம், லேப்டாப்புக்கும் கோர்ஸுக்குமாக அறுபதாயிரம்,
இருதயராஜின் டயர் கடையில்
"கட்டிடுவோம்ண்ணே" என்று நான் சொல்ல,
ஜாமீன் கையெழுத்துப் போட்ட மெஹருன்னிசா
கெடிலம் பாலம் வரை பேசாமல் வந்து
வண்டியை நிறுத்திக் கேட்டாள்:
"அந்த வோம்ல நான் இருக்கேனாடி?"

பகரெய்ஸ், ஸ்பெயினில் மட்டும்.
நமக்குக் கிடைத்தால் மெக்ஸிகோ கால்தான். தாண்டு.

பகரான், செலுத்துவார்கள்.
தமிழில் பகரான் என்றால்
சொல்ல மாட்டான்.
இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம்.

இந்தக் கவுன்ட்டரில் நாலு வருஷம் நின்றதில்
'தருவேன்' என்று ஒருவர் வாயாலும் கேட்டதில்லை.
நாளைக்குத் தரேன். திங்கக்கிழமை தந்துடறேன்.
இதோ அனுப்பிட்டேன், வந்துச்சா பாருங்க.
வராத பணம் இறந்தகாலத்தில் வந்து சேரும்.
வேன், தாளில்தான்.

அகராதியை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினேன்.
பகரே: பெயர்ச்சொல்லும் உண்டு, ஆண்பால்.
பொருள், புரோநோட்டு.

தாளைத் திருப்பினேன்.
தாங்கள் கேட்கும்போது தங்களிடமாவது
தங்கள் உத்தரவு பெற்றவரிடமாவது
அசலும் வட்டியும் சேர்த்துச் செலுத்தி
மை பிசிறியது சரியாக அங்கே,
கடைசிச் சொல்லின் கடைசி எழுத்தில்.
யார் செலுத்துவது என்று தெரியவில்லை.

"பாரம் ரெண்டு குடும்மா,
ரெவின்யூ ஸ்டாம்பும் ஒண்ணு.
சில்லறை இல்ல, சாயந்தரம் தரேன்."

கொடுத்தேன்.
கடன் நோட்டில் தொகையை எழுதி
பக்கத்தில் பகரா என்று போட்டேன்,
ஸ்பானிஷ் எழுத்திலேயே.
கோட்டுக்காகத் தூக்கிய பேனாவை
மூடி வைத்துவிட்டேன்.