பதினேழு

அப்புத்தளை மைதானத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
பதினாறு வீடுகள் வந்து நின்றன.
எல்லாவற்றுக்கும் சக்கரம்.
வாசலில் ஒரு பையன் சுண்ணாம்புக்கட்டியால்
எங்கள் டயரில் 17 என்று எழுதினான்.
ஜெபநேசன் என்னைப் பார்த்தார்.
நான் டயரைப் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு ரோசா பஸ்,
உள்ளே குளியலறை, வெளியே இழுத்தால் விரியும் பந்தல்.
குருநாகலில் இருந்து ஒரு லொறி, முன்பு மீன் ஏற்றியது.
"டெட்டோல் போட்டு மூன்று தரம் கழுவியாச்சு,
மழைக்கு மட்டும் எழும்புது" என்று
சுனெத் தானே சொல்லிச் சிரித்தார்.
மழை தூறிக்கொண்டுதான் இருந்தது.

எங்களுடையது ஸ்கூல் வேன்.
வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இன்னும்
பாடசாலைச் சேவை என்று தெரியும்,
வெயில் சாய்ந்து விழுந்தால்.
ஆனால் இங்கே வெயில் ஏது?
மூன்று மணிக்கே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து
ஒவ்வொரு வண்டியாக
பெயர் கூப்பிட்டு அழைத்துப்போனது.

யாருடைய வீட்டுக்குள்ளும் யாரும் ஏறிப் பார்க்கலாம்,
அதுதான் இந்தக் கூட்டத்தின் வழக்கம்.
நான் ஆறு வீடு ஏறினேன்.
ஆறிலும் செருப்பைக் கழற்றினேன்.
மடக்கினால் மேசை, விரித்தால் கட்டில்,
தூக்கினால் அரிசிப் பெட்டி.
ஒரு கத்தரிக்கோலுக்குக்கூட
சுவரில் அதன் உருவத்திலேயே ஓர் இடம்.
பொறாமைதான். மறைப்பானேன்.

ரோசா பஸ் நிரோமி எங்கள் வேனுக்குள் குனிந்து வந்தாள்.
நாங்கள் கழற்றாமல் விட்ட ஒரே சீட்டின் அடியில்
விரலால் தடவி
"இது என்ன, கல்லு மாதிரி?" என்றாள்.
"சூயிங்கம். தரம் நாலு" என்றேன்.

இரவு நெருப்பைச் சுற்றி ரொட்டி, கட்டச் சம்பல்.
அக்குறணை இஸ்மத் கேட்டார்,
இந்தப் பைத்தியம் உங்களுக்கெல்லாம் எப்படிப் பிடித்தது?
ஒருவர் யால என்றார். ஒருவர் ஓய்வூதியம் என்றார்.
ஒருவர் மனைவியைக் காட்டினார், மனைவி அவரைக் காட்டினாள்.

எங்கள் முறை வந்ததும் ஜெபநேசன் விறகைத் திருப்பினார்.
நான்தான் சொன்னேன்:
அட்டன் ஷெட், டீசல் வரிசை, ஐந்து இரவு.
அங்கேயும் டயரில் எண் எழுதினார்கள்.
எங்களுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.
மூன்றாம் நாள் சோறு கொண்டுபோனேன்,
கடைசி பஸ் போய்விட்டது.
பிள்ளைகள் உட்காரும் சீட்டில் காலை மடக்கிப் படுத்தோம்.
கண்ணாடியெல்லாம் மூச்சு.
இருட்டில் இவர் சொன்னார்,
ரெண்டு பலகை போட்டா இங்கேயே இருந்துரலாம் தவம்.

யாரும் பேசவில்லை.
நெருப்பில் ஈரவிறகு சீறியது.
பிறகு சுனெத், மெதுவாக:
"எனக்கு ஏழு நாள். தம்புள்ளையில.
லோட்டோட நின்னேன்.
ஐஸ் ரெண்டாம் நாளே முடிஞ்சது."

சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார்,
முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
அதன் பிறகு ஆளாளுக்கு ஊர் பெயரும் நாள் கணக்கும்,
குடை கொடுத்தவன், இடையில் புகுந்தவன்,
பணிஸ் விற்றவன், அதில் விலை கூட்டியவன்.

நிரோமி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.
"அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக
நாங்களும் நின்றோம்" என்றாள்.
எத்தனை நாள் என்று
அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

காலையில் வெளியே போக ஒரே வாசல்.
பதினேழு வீடும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.
முன்வண்டி நாலடி நகர்ந்ததும்
ஜெபநேசன் சாவியைத் திருகாமல் இறங்கி
கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.
"டாங்க் நிறைய இருக்கே" என்றேன்.
அப்போதுதான் அவருக்கும் உறைத்தது.
தோளை எடுக்கவில்லை.

பின்னால் சுனெத்தும் இறங்கிவிட்டார்.
லொறியை ஒற்றை ஆள் அசைக்க முடியாது.
நிரோமி வந்து கை வைத்தாள்,
பிறகு இஸ்மத், பிறகு அந்தச் சுண்ணாம்புக்கட்டிப் பையன்.

இறங்க மறந்து நான் உள்ளேயே இருந்தேன்.
அடுப்பில் பிளேன்டீ
ஒரு பக்கமாகச் சாய்ந்து
விளிம்புவரை வந்து
சிந்தாமல் நின்றது.