இருக்கை எண் 393

கறுப்புத் தாளில் மடித்து வருகிறது தோல்.
செவ்வாய்தோறும், சஜா தொழிற்பேட்டை கிளினிக்கிலிருந்து,
டிரைவர் கம்ரானின் செருப்புப் பெட்டியில்.
பிரித்தால் உப்புப் பொருக்குபோல வெள்ளைச் செதில்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
எண்ணுக்குக் கீழே யாரோ ஒரு நர்ஸ்
பென்சிலில் எழுதியிருப்பாள்:
சாரம் கட்டுபவர். அறையில் பன்னிரண்டு பேர்.

நான் வேதியியல்காரன்.
பூஞ்சையோடு எனக்குப் பழக்கமில்லை,
அதன் நொதி ஒன்றை மட்டும் தெரியும்.
நானூற்றுச் சொச்சம் அமினோ அமிலம் கோத்த சரம்.
அதில் முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் இருக்கையில்
லியூசின் உட்கார்ந்திருக்க வேண்டும்.
டெர்பினாஃபின் வந்து அதன் தோளில் சாயும்,
நொதி நிற்கும்,
சவ்வு கட்ட வழியின்றிப் பூஞ்சை சாகும்.
பாடப்புத்தகத்தில் அப்படித்தான்.

இப்போது அந்த இருக்கையில் ஃபினைல்அலனின்.
பருத்த ஆள் ஒருவர் ஜன்னலோரம் அமர்ந்துவிட்ட பஸ்போல.
மருந்து ஏறுகிறது, பாதித் தொடையை வைத்துப் பார்க்கிறது,
நெளிகிறது,
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறது.

இரண்டு வருடம், அறுபத்தொரு சேர்மங்கள்.
ஒரு மீதைலை இங்கிருந்து அங்கே நகர்த்த மூன்று வாரம்.
பதினேழு எதிலும் கரையவில்லை.
இருபத்தொன்பது குடுவையிலேயே தாராகிப்போனது.
நாற்பது நன்றாகக் கொன்றது,
ஈரல் செல்களையும் சேர்த்து.

ஆகஸ்டில் ஒரு நாள், குளித்துத் துவட்டும்போது,
பெல்ட் உரசும் இடத்தில் ஒரு வளையம்.
ஓரம் சிவந்து, நடு வெளுத்து.
படர்தாமரை.
எவன் வைத்தானோ, அரிப்புக்குப் போய் இப்படி ஒரு பெயரை.
வெளியே ஈரப்பதம் எண்பத்தெட்டு,
குளம் ஒன்றும் இல்லை.

ரோலாவில் எங்கள் அறையில் எட்டுப் பேர்.
மேல் கட்டிலில் டிலாராம், எதிரே இம்தியாஸ்,
கதவோரம் செல்வக்கனி.
பால்கனிக் கயிற்றில் எது யார் பனியன் என்று
யாரும் கேட்பதில்லை.
அவசரத்துக்கு நானும் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

"நீயே சுரண்டக் கூடாது," என்றார் டாக்டர் ஷம்மா.
கிளினிக்குக்குப் போனேன்.
அடுத்த செவ்வாய் கம்ரான் கொண்டுவந்த பெட்டியில்
ஆறு மடிப்புகள். நாலாவதைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது.
அதே பென்சில்:
ஆய்வக ஊழியர். அறையில் எட்டுப் பேர்.

தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டு.
ஏழு நாள்.
பழைய மருந்தின் வரிசை முழுக்கக் கலங்கல்,
கழுநீர் மாதிரி.
அதற்குக் கீழே அறுபத்திரண்டின் வரிசை.
ஐந்தாம் குழியிலிருந்து தெளிவு.
சாய்த்துப் பார்த்தேன், விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்,
ஒருவேளை நான் விதைக்க மறந்துவிட்டேனோ என்று
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
இல்லை. அங்கே நான் இறந்திருந்தேன்,
அதாவது, என்மேல் வளர்ந்தது.

உறைபெட்டியில் அறுபத்திரண்டு
நாற்பத்தொரு மில்லிகிராம் இருக்கிறது.
ஈரல், எலி, முயல் தோல், காகிதம், பணம், காகிதம்:
ஒன்பது வருடமாவது ஆகும், ஆனால்.
துளி எடுத்து வாசலினில் குழைத்தால்
இடுப்பளவு இடம்தானே.
இரவு எட்டரைக்குக் கதவைத் திறந்தேன்.
குளிர் முகத்தில் அடித்தது.
மூடினேன்.

கிளினிக்கில் வேறொரு மாத்திரை கொடுத்தார்கள்,
எட்டு வாரத்துக்கு.
கடைக்கார சுரேந்திரன் ஒரு டியூபையும் சேர்த்து நீட்டினார்,
"எல்லாரும் இதுதான் வாங்குறாங்க, மூணே நாள்ல அடங்கிடும்."
அடங்கும். அடங்கித்தான் படரும்.
திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு
சட்டையை உயர்த்திக் காட்டிக் கேட்டேன்:
வேற யாருக்கு இருக்கு?

டிவி ஓடிக்கொண்டிருந்தது.
செல்வக்கனி தட்டு கழுவ எழுந்து போனான்.
இம்தியாஸ்தான் முதலில், ஒன்றும் பேசாமல்,
கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டினான்.
பிறகு டிலாராம் முதுகைத் திருப்பினான்.
செல்வக்கனி ஈரக் கையோடு திரும்பி வந்தான்,
அக்குளைக் காட்ட.
அவனவன் தலையணைக்கடியில் ஒரே டியூப்,
ஒரே இடத்தில் பிதுக்கி நசுங்கியது.

ஐந்து பேர்.
துணியை வெந்நீரில்தான் போட வேண்டும், அறுபது டிகிரி,
என்று சொல்லி மெஷினருகே போனேன்.
மூன்று வருடமாக அந்த அறையில் இருக்கிறேன்,
வெந்நீர்ப் பொத்தான் வேலை செய்யாது என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.