லோகனுக்குப் பிறந்தநாள்

சர்ச் முடிந்து நேரே வந்துவிட்டோம்.
இந்திராநகரில் இரண்டாவது மாடி.
கதவைத் திறந்ததும் டிரம்ஸ் நெஞ்சில் வந்து மோதியது.
"ஆராதனை இன்னும் முடியலையா?" என்றாள் அம்மா.

நாங்கள் ஏழு பேர், மேசை ஆறு பேருக்கு.
ஹேமந்த் அத்தான் பக்கத்து மேசையில்
கன்னடத்தில் கெஞ்சி ஒரு நாற்காலி வாங்கினார்.

அமெரிக்காவின் தென்பக்கத்துச் சாப்பாடாம்.
மெனுவில் அப்பா வலது ஓரத்தை மட்டும் படித்தார்.
"இன்னிக்கு விலை பாக்கக் கூடாது" என்று
பிளெஸ்ஸி அக்கா உள்ளங்கையால் மறைத்தாள்.
விரலிடுக்கு வழியே படித்தார்.

கட்டம் கட்டமாய் ஒரு தடித்த ரொட்டி,
அதன்மேல் பொரித்த கோழி,
கோழியின் தலையில் பாகு.
"யாரோ கை தவறிக் கொட்டிட்டாங்க."
சோள நொய்க் கஞ்சியில் ஒரு வாய்:
"இதுக்கா நானூத்தி எழுபது?"
மொறுமொறு வெண்டைக்காய் வந்தபோது மட்டும்
அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பரிமாறிய மணிப்பூர்ப் பையன் குனிந்து
என்ன விசேஷம் என்று கேட்டான்.
அப்பா இரைச்சலுக்கு மேல் கத்தினார்:
"லோன்! லோன்!"
வெள்ளிக்கிழமை கட்டியது கடைசித் தவணை.
கே.ஆர். புரம், இரண்டு ரூம், இருபது வருஷம்.
பையன் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனான்.

டிரம்ஸ் நின்றது.
மெழுகுவர்த்தியோடு ஒரு கேக் நடந்து வந்தது.
வெள்ளை கிரீமில் எழுதியிருந்தது:
ஹேப்பி பர்த்டே லோகன்.

ஹால் முழுக்கக் கைதட்டிப் பாடுகிறது.
யார் லோகன் என்று நூறு கழுத்துகள் திரும்புகின்றன.
பேரன்கள் இரண்டு பேரும் தாத்தாவைக் காட்டிக்கொடுத்தார்கள்.
ஐம்பத்தொன்பது வருஷமாய் அருமைநாயகமாக இருந்தவர்
எழுந்து
நாலு பக்கமும் கும்பிட்டார்.

பாடகி மைக்கை நீட்டினாள். எத்தனை வயசு?
"ட்வென்டி."
எல்லோரும் சிரித்தார்கள்.
எங்கள் மேசை மட்டும் ஒரு நொடி பிந்தியது.

அவனை எங்களுக்குத் தெரியும்.
ஐந்தாம் தேதியானால் எங்களுக்கு முன்னால் சாப்பிடுவான்.
அக்காவின் நர்சிங் சீட்டைத் தின்றான்,
அம்மாவின் வளையல்களைத் தின்றான்,
ஒரு மார்ச் மாதம் ஸ்கூட்டரையும்.
என் பிறந்தநாள் ஆறாம் தேதி.
ஆகவே எனக்கு எப்போதும்
தேங்காய் பன்னில்தான் மெழுகுவர்த்தி.

"என்னதான் இருந்தாலும்
நம்ம வீட்லதான வளந்தான்" என்றாள் அம்மா.
வாயில் வெண்டைக்காய். கண் எங்கேயோ.
"ஊதுங்க."

முதல் ஊதலில் அணையவில்லை.
இரண்டாவதிலும் இல்லை.
சின்னவன் எக்கி ஊதிவிட்டான்.

பில் வந்தது.
கார்டு மெஷினின் சின்னத் திரையில் ஒரு கேள்வி:
மூன்று தவணையாகக் கட்டுகிறீர்களா?
அப்பா கண்ணாடியை மேலே ஏற்றி
இரண்டு முறை வாசித்தார்.
பிறகு சிவப்புப் பொத்தானை
அழுத்தினார், அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார்.

மொத்தமும் ரத்தாகிவிட்டது.
பையன் சிரித்துக்கொண்டே
முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினான்.
அம்மா அதற்குள் மிச்ச கேக்கை
டிஷ்யூவில் மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டாள்,
பாதிப் பெயரோடு.