நாற்பத்து நான்காம் அளவு

தெலாவியில் கண்ணாடிக் கடைக்காரன்
பெட்டியை மூடி ரப்பர் போட்டுக் கொடுத்தான்.
செப்டம்பர் இருபத்தொன்பது.
டாஷ்போர்டு அறையில் வைத்தேன்,
டயர்க் காற்றுமானிக்கும்
பாதி தின்ற வால்நட் பொட்டலத்துக்கும் நடுவே.

"அடுத்த நடையில் கொண்டுவருகிறேன், எதேரி"
என்று சொல்லியிருந்தேன்,
இன்ஜினை அணைக்காமல், ஜன்னல் வழியாக.
கையடித்துச் சத்தியம் செய்யவில்லை.
தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.
அவளும் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்:
"உன் கால் நாற்பத்து நாலுதானே?
பனி விலகும்போது காலுறை தயாராக இருக்கும்."

அந்த நடையில்
எட்டு மூட்டை மாவு, உப்பு, டீசல்,
எல்லைக் காவலர்களுக்கு ஒரு தொலைக்காட்சி.
ஓமாலோவில் இறக்கி முடித்தபோது
மேகம் தோள்வரை வந்திருந்தது.
தார்த்லோவுக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்.

மறந்துபோனேன் என்றுதான்
எல்லாரிடமும் சொன்னேன்.
மறக்கவில்லை.
டாஷ்போர்டைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன்,
இன்னும் ஒரு நடை இருக்கும் என்று கணக்குப் போட்டு
வண்டியைத் திருப்பினேன்.
அன்றிரவே அபானோ கணவாய் மூடிக்கொண்டது.

மாதம் ஒருமுறை ஹெலிகாப்டர் மேலே போகும்.
விமானி டோர்க்வா என் மைத்துனன்.
அவனிடம் கொடுத்தால் தீர்ந்தது.
நவம்பரில் வெட்கமாக இருந்தது.
டிசம்பரில்,
நவம்பரில் ஏன் கொடுக்கவில்லை என்பதற்கும் சேர்த்து வெட்கம்.
இந்தக் கடனுக்கு வட்டி அப்படித்தான் ஏறும்.
பிப்ரவரியில் ஒரு ராத்திரி
வண்டிக்குள் விளக்கைப் போட்டு
அந்தக் கண்ணாடியை நானே மாட்டிப் பார்த்தேன்.
என் கைரேகைகள் கயிறு கயிறாகத் தெரிந்தன.
கழற்றி வைத்தேன், ரப்பரையும் மறக்காமல் போட்டு.

அதே கணவாயில்
மூன்று பேரைக் காப்பாற்றியிருக்கிறேன்.
சங்கிலி கட்டி, பனியைக் கையால் தோண்டி.
ஒருவன் வருஷா வருஷம் ஒயின் அனுப்புகிறான்.
சொன்ன சொல் ஒன்று,
அது மட்டும் மேலே கிடந்து விறைத்தது.
அதைக் காப்பாற்றச் சங்கிலி வேண்டாம்,
ஆள் வேண்டாம்.
பன்னிரண்டு கிலோமீட்டர்.

ஜூன் நான்காம் தேதி பாதை திறந்தது.
முதல் வண்டி என்னுடையது.
எதேரி வேலியோரம் நின்றிருந்தாள்.
வானிலை அலுவலகத்துக்குப்
பனியின் ஆழம் குறிப்பது அவள் வேலை.
நோட்டு திறந்து கிடந்தது:
அக்டோபர்வரை எறும்பு எழுத்து,
அப்புறம் ஒவ்வோர் எண்ணும் கட்டைவிரல் பருமன்.
ஒரு நாள்கூட விடவில்லை.

என்ன சொல்வது என்று
வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.
சரிந்த பாறை, உடைந்த அச்சு, காய்ச்சல்.
அவள் கேட்கவே இல்லை.
"வந்துட்டியா? ஷூவைக் கழற்று" என்றாள்.

கறுப்பும் பழுப்புமாகக் காலுறைகள்.
கணுக்காலில் ஆட்டுக்கடாக் கொம்பாகத் தொடங்கிய கோலம்
பாதத்துக்கு வருமுன் வழிதவறி
வேறென்னவோ ஆகியிருந்தது.
இடது காலுக்கு ஒரு விரல் நீளம் அதிகம்.

"ரெண்டு நூலும் ஒரே நிறமாத் தெரிஞ்சுது.
மோந்து பார்த்துப் பிரிச்சேன்.
வால்நட் தோல் சாயத்துக்குத் தனி வாசனை" என்றாள்,
ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல்.

பெட்டியை நீட்டினேன்.
ரப்பர் இற்றுப்போய் அவள் விரலிலேயே அறுந்தது.
மாட்டிக்கொண்டாள்.
என் முகத்தைப் பார்ப்பாள் என்று
கன்னத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன்.
குனிந்து காலுறையைத்தான் பார்த்தாள்.
"ஐயோ! என்ன கண்றாவி இது.
கழற்று, பிரித்துப் புதுசாகப் பின்னித் தருகிறேன்."

"கழற்ற மாட்டேன்" என்றேன்.
"பிடிவாதக்காரா, அடுத்த நடைக்குள் முடித்துவிடுவேன்."
"எதேரி, வேண்டாம்."

இறங்கும்போது எழுபது வளைவுகள்.
ஒவ்வொன்றிலும் கிளட்ச்சை மிதிக்க வேண்டும்.
மிதிக்கும்போதெல்லாம்
அந்த ஒரு விரல் நீளம்
ஷூவுக்குள் மடிந்து உறுத்துகிறது.